'சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்': அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய அறிவு என்ன?

கொள்ளுப்பிட்டியில் இருந்து தெகிவளை வரை காலி வீதியின் இருபுறமும் உடற்பயிற்சிக் கூடங்களின் பெயர்ப்பலகைகள் கூடிக்கொண்டே போகின்றன. கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கமும் இதே கதைதான். பலகைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்கள்'. யார் கொடுத்த சான்றிதழ், எந்தத் தேர்வுக்குப் பின் கிடைத்தது என்பதைப் பலகை சொல்வதில்லை. இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களின் குழப்பம் இன்னும் பெரியது. ஒருபக்கம் வார இறுதிப் பட்டறைகள், மறுபக்கம் டொலரில் கட்டணம் கேட்கும் இணையவழித் தேர்வுகள், நடுவில் டிப்ளோமாக்கள். எல்லாமே 'சர்வதேச அங்கீகாரம்' என்றுதான் விளம்பரப்படுத்தப்படுகின்றன.

பாரம் தூக்கத் தெரிந்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூக்குவதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. சான்றிதழுக்கு ஒரு பெறுமதி இருக்குமானால், அது வேறோர் அறிவுக்கு உத்தரவாதம் தருவதால்தான்: எவரை இன்று தூக்க வைக்கக் கூடாது, எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும், எப்போது வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். நல்ல பாடநெறிகளின் உள்ளடக்கத்தைப் புரட்டினால், பக்கங்களில் பெரும்பகுதி இதற்கே போயிருப்பது தெரியும்.

## மூன்று வகைத் தாள்கள்

சுவரில் தொங்கும்போது எல்லாத் தாள்களும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேறுபாடு பெரிது.

1. பங்கேற்புச் சான்றிதழ். ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்ததற்கான அத்தாட்சி. ஏற்கெனவே தகுதி பெற்றவர் தன் அறிவைப் புதுப்பிக்க இது பயன்படும். தொழிலுக்கு நுழைவதற்கான தகுதியாக இதைக் காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதுதான்.

2. பாடநெறிச் சான்றிதழ் அல்லது டிப்ளோமா. கற்பித்த நிறுவனமே தேர்வு வைத்துத் தானே வழங்குவது. தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலங்கையில் தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு நிலைகள் கொண்டது. 'எங்கள் பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டு' என்று சொல்லப்பட்டால், எந்த நிலை, எந்தத் தொழிலுக்கான தகைமை என்று கேட்டு, விடையை ஆணைக்குழுவிடம் சரிபார்ப்பதே முறை.

3. தொழில்சார் சான்றுப்படுத்தல். இங்கே தேர்வை நடத்தும் அமைப்பையே வெளியார் ஒருவர் சோதித்திருப்பார். அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்வது சான்றளிக்கும் முகவரகங்களுக்கான தேசிய ஆணைக்குழு, சுருக்கமாக என்.சி.சி.ஏ. 1954இல் தொடங்கிய ஏ.சி.எஸ்.எம்., 1978இல் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ., 1987இல் தொடங்கிய என்.ஏ.எஸ்.எம்., இவற்றோடு ஏ.சி.ஈ. ஆகிய அமெரிக்க உடற்பயிற்சி அமைப்புகளின் பயிற்றுவிப்பாளர் தேர்வுகள் அந்த அங்கீகாரம் பெற்றவை. பிரித்தானிய முறை வேறு: அங்கே இரண்டாம் நிலை முடித்தவர் ஜிம் பயிற்றுவிப்பாளர், மூன்றாம் நிலை முடித்தவரே தனிப்பட்ட பயிற்றுவிப்பாளர்.

இம்மூன்றில் எதுவும் மருத்துவ உரிமம் ஆகாது. வைத்தியரும் இயன்மருத்துவரும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றே தொழில் செய்கிறார்கள். பயிற்றுவிப்பாளரின் சான்றிதழ் அத்தகைய பதிவு அல்ல. ஆகவே நோயைக் கண்டறிவது, காயத்துக்குச் சிகிச்சை செய்வது, மருந்தின் அளவை மாற்றச் சொல்வது ஆகியவை அவருடைய எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எந்தப் பன்னாட்டுத் தேர்வை எடுத்தாலும் இந்த எல்லையைப் பற்றிய கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். பரீட்சார்த்திகள் அதிகம் தவறுவதும் அங்கேதான் என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. 'நான் சரிசெய்வேன்' என்ற விடை எப்போதும் வீரமாகத் தெரியும். 'வைத்தியரிடம் அனுப்புவேன்' என்பது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றும்.

## தசையும் ஆற்றலும்: பாடத்தின் முதல் பாதி

உயர் தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி கடினமாக இராது. மற்றவர்கள் சில மாதங்கள் செலவிட வேண்டியிருக்கும். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, அசைவோடு சேர்த்துப் படிப்பது பயன் தரும்.

ஒரு தசை மூன்று விதமாக வேலை செய்கிறது. டம்பெல்லை மேலே கொண்டுவரும்போது சுருங்குகிறது. அசையாமல் பிடித்திருக்கும்போது நீளம் மாறாமலே இழுவிசை தருகிறது. மெதுவாகக் கீழே இறக்கும்போது நீண்டுகொண்டே எதிர்த்து நிற்கிறது. மூன்றாவது வகைதான் அடுத்த நாள் நோவுக்கு முக்கிய காரணம். மாடிப்படி ஏறியதைவிட இறங்கியதால் தொடை அதிகம் நோவதன் இரகசியமும் இதுவே. அந்த நோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து தணியும். 'லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்ற விளக்கம் ஜிம்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் லக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து நோகும் தொடைக்கு அதன்மீது பழி போடுவது நியாயமில்லை.

ஆற்றல் மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதல் பத்து வினாடி அளவிலான வெடிப்பான முயற்சிக்கு, தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்த பொசுபேற்று. அதற்கு மேல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் வரையிலான கடும் முயற்சிக்கு, ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைத்தல். அதற்கும் நீண்ட முயற்சிக்கு, ஒட்சிசனோடு குளுக்கோசையும் கொழுப்பையும் எரித்தல். மூன்றும் எப்போதும் சேர்ந்தே இயங்கும். எது முன்னிற்கிறது என்பதுதான் மாறும். காலிமுகத்திடலில் ஒரு மணி நேரம் நடப்பவருக்கும், பாடசாலை ரக்பி அணிக்காக முப்பது மீற்றர் ஓடிப் பழகும் மாணவனுக்கும் ஒரே அட்டவணையைக் கொடுக்கக் கூடாது என்பதற்கான அடிப்படை இதுவே.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதற்கு உடற்றொழிலியலில் ஆதாரம் இல்லை. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இதை நம்பித்தான் வருகிறார்கள். அவர்களைப் புண்படுத்தாமல் இதைச் சொல்வதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

## முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள்

கொழும்பில் ஒரு பயிற்றுவிப்பாளரிடம் வருபவர் பெரும்பாலும் இருபது வயது விளையாட்டு வீரர் அல்லர். கதிரையில் பத்து மணி நேரம் உட்காரும் அலுவலர், பிள்ளைகள் வளர்ந்தபின் நேரம் கிடைத்த தாய், 'நடக்காவிட்டால் மருந்து கூடும்' என்று வைத்தியர் எச்சரித்த ஓய்வூதியர். 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்று இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அதாவது, ஒரு குழு வகுப்பில் இருபது பேர் இருந்தால் நான்கைந்து பேர் நீரிழிவோடு நிற்கலாம். அவர்களில் சிலருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

ஆகவே முதல் நாள் வேலை கேள்வி கேட்பதுதான். உலகெங்கும் பயன்படும் வினாக்கொத்து, சுருக்கமாக பார்-கியூ எனப்படுவது, 1970களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவானது. அதன் இன்றைய வடிவத்தின் முதற்பக்கத்தில் ஏழு கேள்விகள் உள்ளன. இருதய நோயோ உயர் குருதி அமுக்கமோ இருப்பதாக வைத்தியர் சொன்னாரா, நெஞ்சு நோ வருகிறதா, தலைசுற்றியோ மயங்கியோ விழுந்ததுண்டா, வேறு நாட்பட்ட நோய் உண்டா, மருந்து எடுக்கிறாரா, மூட்டு அல்லது என்பில் கோளாறு உண்டா, வைத்தியக் கண்காணிப்பில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டதா என்பவையே அவை.

விடைகள் கிடைத்தபின் என்ன செய்வது? 2015இல் ஏ.சி.எஸ்.எம். தன் வழிகாட்டலைத் திருத்தி மூன்று விடயங்களை முன்வைத்தது. ஒருவர் கடந்த மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாளாவது, அரை மணி நேர மிதமான பயிற்சி செய்துவருகிறாரா? இருதய, வளர்சிதை மாற்ற (நீரிழிவு போன்ற) அல்லது சிறுநீரக நோயோ அவற்றின் அறிகுறியோ உண்டா? எவ்வளவு கடுமையான பயிற்சியை விரும்புகிறார்? இவற்றிலிருந்து வரும் முடிவுகள்:

1. அறிகுறி எதுவும் இருந்தால், பழக்கப்பட்டவராயினும் நிறுத்தி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.
2. பயிற்சிப் பழக்கம் இல்லாதவருக்கு நோய் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்தியரின் சம்மதத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும்.
3. பழக்கம் உள்ளவருக்கு நோய் இருந்து அறிகுறி இல்லாவிட்டால், மிதமான பயிற்சியைத் தொடரலாம். கடும் பயிற்சிக்கு முன் சம்மதம் தேவை.
4. நோயும் அறிகுறியும் இல்லாத புதியவர், சாதாரண வேகத்தில் நேரடியாகத் தொடங்கலாம்.

நான்காவதும் மற்ற மூன்றைப்போலவே முக்கியமானது. எல்லோரையும் வைத்தியரிடம் அனுப்புவதும் பிழை. பலர் அந்த ஒரு தடையிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். பயிற்சி செய்யாமல் இருப்பதன் ஆபத்து, மெதுவாக நடப்பதன் ஆபத்தைவிடப் பெரிது.

அறிகுறிகளைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மக்கள் நெஞ்சு இறுக்கத்தை நெஞ்சு இறுக்கம் என்று சொல்வதில்லை. 'வாய்வு', 'கேஸ்ட்ரிக்', 'நேற்று சாப்பிட்ட கொத்து' என்று ஏதாவதொரு காரணத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். நடக்கும்போது வந்து நின்றால் போய்விடும் 'வாய்வு' இருதயத்திலிருந்து வந்திருக்கக் கூடும். நீரிழிவு உள்ளவர்களில் இருதயக் கோளாறு நோ இல்லாமலே, வெறும் மூச்சு வாங்கலாகவோ அசாதாரணக் களைப்பாகவோ வெளிப்படலாம். படிவத்தை நீட்டி 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் வாங்கினால் இவை எதுவும் வெளியே வராது. ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, 'கீழே கையொப்பம் போடுங்கள்' என்று மட்டும் சொல்லும் கூடங்கள் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

உடல் அளவுகளிலும் ஒரு தெற்காசியக் குறிப்பு தேவை. உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது பொதுவான அட்டவணை. ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய புள்ளிகளிலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இடுப்புச் சுற்றளவில் தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பவை எச்சரிக்கை எல்லைகள். மெலிந்த கைகாலும் சிறிய தொந்தியும் கொண்ட வாடிக்கையாளர் ஒருவரை 'உங்களுக்குப் பிரச்சினையில்லை' என்று அனுப்பிவிடுவது, வெளிநாட்டு அட்டவணையை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை.

## எவ்வளவு கடுமை? எண்களின் எல்லை

வெள்ளவத்தையில் வசிக்கும் 48 வயது வங்கி அலுவலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு மெட்போர்மினும் கிளிக்லசைட்டும், குருதி அமுக்கத்துக்கு அட்டெனலோலும் எடுக்கிறார். பயிற்சிப் பழக்கம் இல்லை. வைத்தியர் சம்மதித்துவிட்டார். எந்த வேகத்தில் நடக்க வைப்பது?

எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு. அவருக்கு 172. 2001இல் வந்த இன்னொரு சூத்திரம், 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, 174 என்கிறது. நடுத்தர வயதில் இரண்டும் நெருங்கியே வரும். 65 வயதில் 155க்கும் 162க்கும் இடைவெளி தெரியும். பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த எண் ஒரு சராசரி. ஒரே வயதுள்ளவர்களிடையே இது பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழும் பரவியிருக்கும். மூன்றில் ஒருவர் அந்தப் பரப்புக்கும் வெளியே நிற்பார்.

சற்றே நுட்பமான முறை பின்லாந்து ஆய்வாளர் கார்வோனனுடையது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து வருவது துடிப்பு இருப்பு. நம்மவருக்கு ஓய்வுத் துடிப்பு 72 என்றால் இருப்பு 100. மிதமான பயிற்சி என்பது இருப்பின் 40 முதல் 59 சதவீதம். அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் நிமிடத்துக்கு 112 முதல் 131 வரை. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் அட்டெனலோல் எடுக்கிறார். அந்த மருந்தின் வேலையே துடிப்பைக் குறைப்பது. மருந்தின் பிடியில் இருக்கும் இருதயம் 131ஐத் தொட அவர் தன் சக்திக்கு மீறி ஓட வேண்டியிருக்கும். கைக்கடிகாரத்தின் எண்ணைத் துரத்தும் பயிற்றுவிப்பாளர், 'இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்' என்று அவரை ஆபத்துக்குத் தள்ளுவார். இங்கே சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு மனிதரைப் பார்க்க வேண்டும். பேச முடிகிறதா என்பது எளிய சோதனை: வாக்கியமாகப் பேசலாம், பாட முடியாது என்ற நிலை மிதமானது, சில சொற்களுக்கு மேல் பேச மூச்சில்லை என்றால் அது கடுமையானது. பூச்சியத்திலிருந்து பத்து வரையிலான முயற்சி அளவுகோலில் அவரையே ஓர் எண் சொல்லச் சொல்வதும் உதவும்.

இதே மனிதரிடம் இன்னொரு பொறியும் இருக்கிறது. கிளிக்லசைட், இன்சுலின் போன்றவை பயிற்சியோடு சேரும்போது இரத்தச் சீனியை மிகத் தாழ்த்திவிடலாம். மெட்போர்மின் தனியாக எடுக்கப்படும்போது அப்படிச் செய்வது அரிது. சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், படபடப்பு, வியர்வை, குழப்பம் வரும். அட்டெனலோல் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும்; வியர்வை மட்டும் மிஞ்சும். உடற்பயிற்சிக் கூடத்தில் வியர்ப்பதை யார் சந்தேகிப்பார்கள்? எனவே பேச்சுக் குழறல், எரிச்சல், இலகுவான கட்டளையைத் தவறாகச் செய்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். உடனே ஏறத்தாழ 15 கிராம் சீனி, நான்கு தேக்கரண்டி அளவு, நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருந்துகளை நிறுத்தவோ கூட்டவோ பயிற்றுவிப்பாளருக்கு உரிமை இல்லை. அவை பயிற்சியின்போது என்ன செய்யும் என்று அறிந்திருக்க மட்டும் அவருக்குக் கடமை உண்டு. கந்தசஷ்டிக்கும் றமழானுக்கும் நோன்பிருப்பவர் நீரிழிவு மருந்து எடுப்பவரானால், பயிற்சி நேரத்தை மாற்றுவதற்கு முன்பே வைத்தியரிடம் பேசி வரச் சொல்வதும் அந்தக் கடமையில் சேரும்.

## அட்டவணை எழுதுவது

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியையோ 75 முதல் 150 நிமிடக் கடும் பயிற்சியையோ பரிந்துரைக்கிறது. அதோடு இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சி. இதுதான் சட்டகம்.

தசைவலுப் பயிற்சியில் 'பத்துத் தடவை, மூன்று சுற்று' என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த படைவீரர்களின் தசைகளை மீட்க அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோம் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையை வகுத்து 1945இல் வெளியிட்டார். 1948இல் அது மூன்று சுற்றாகச் சுருங்கியது: பத்துத் தடவை மட்டும் தூக்க முடிந்த பாரத்தின் பாதி, முக்கால், முழுமை. சுற்று எண்ணிக்கை பிழைத்துக்கொண்டது. படிப்படியாகக் கூட்டுதல் என்ற உயிர்நாடி பல கூடங்களில் மறந்துபோயிற்று. ஆறு மாதமாக ஒரே பாரத்தைத் தூக்குபவரின் உடலுக்கு மாறவேண்டிய தேவை இல்லை.

இலக்குக்கேற்ப அளவு மாறும்:

1. வலுவுக்கு: ஒரே தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 85 சதவீதமும் அதற்கு மேலும், ஆறு தடவைக்குள், இரண்டு முதல் ஐந்து நிமிட ஓய்வோடு.
2. தசை வளர்ச்சிக்கு: 67 முதல் 85 சதவீதம், ஆறு முதல் பன்னிரண்டு தடவை. இதைவிட இலகுவான பாரத்திலும், களைக்கும்வரை செய்தால் தசை வளர்கிறது என்பதால் இந்த எல்லையை இரும்புச் சுவராகக் கொள்ள வேண்டாம்.
3. தாங்குதிறனுக்கு: 67 சதவீதத்துக்குள், பன்னிரண்டு தடவைக்கு மேல், குறுகிய ஓய்வோடு.

புதியவரிடம் உச்சப் பாரத்தை நேரடியாகச் சோதிக்கத் தேவையில்லை. 40 கிலோவைப் பத்துத் தடவை தூக்குகிறார் என்றால், தடவைகளை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டிப் பாரத்தால் பெருக்கினால் 53 கிலோ என்ற மதிப்பீடு கிடைக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது குருதி அமுக்கத்தைச் சடுதியாக உயர்த்தும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்கு அதுவே கண்ணுக்குள் இரத்தக்கசிவில் முடியலாம். 'தூக்கும்போது மூச்சை விடுங்கள்' என்ற சாதாரண அறிவுரைக்குப் பின்னால் இத்தனை கனம் உண்டு.

முதல் நாளே வாடிக்கையாளரை வாட்டி எடுத்தால்தான் மதிப்பு என்று நினைக்கும் பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். இது வெறும் பாணிக் குறைபாடு அல்ல. பழக்கமில்லாத உடல் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்தெழுந்தால், தசை இழைகள் உடைந்து அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். அதீத நோ, வீக்கம், வெறுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அடையாளங்கள். அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டிய நிலை அது. வெப்பமும் நீரிழப்பும் இந்த ஆபத்தைக் கூட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை வடிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. குளிரூட்டிய கூடத்தில் பழகியவரைப் பங்குனி, சித்திரை வெயிலில் சுதந்திர சதுக்கத்தில் ஓட வைப்பதற்கு முன், பத்துப் பன்னிரண்டு நாள் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

## உணவு, மாப்புட்டி, ஊசி

பொதுவான உணவறிவைச் சொல்லலாம். நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுக்கக் கூடாது. எல்லை இவ்வளவுதான். புரதத்தையே பார்ப்போம். வளர்ந்தவரின் அடிப்படைத் தேவை உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம். ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 84 முதல் 120 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம், வேகவைத்த பருப்பு நூறு கிராமில் ஒன்பது கிராம். மீன், கடலை, சோயா எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலும் கடைகளிலும் கிடைக்கும். இறக்குமதியான புரதமா வசதிக்காக, அவசியத்துக்காக அல்ல. அதை விற்றுத் தரகு வாங்கும் பயிற்றுவிப்பாளர் அந்தத் தரகை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய் இருப்பவரிடம் அவர் அதைப் பற்றிப் பேசவே கூடாது.

ஸ்டீரொயிட் விவகாரம் இன்னும் கடினமானது. இலங்கையில் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத்தில் வந்தது. இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவரகம் அதன் கீழ் இயங்குகிறது. உலக ஊக்கமருந்து விதிகளின்படி, தடைசெய்த பொருளைக் கொடுப்பவரும் கடத்துபவரும், வீரர் அல்லாத பயிற்றுவிப்பாளராயினும், குற்றம் புரிந்தவரே. வீரரின் உடலில் அந்தப் பொருள் எப்படி வந்தது என்பதற்கு வீரரே பொறுப்பு. 'மாவில் கலந்திருந்தது தெரியாது' என்பது அவரைக் காப்பாற்றாது. பாடசாலை ரக்பி வீரன் ஒருவனுக்குப் பெயர் தெரியாத மாத்திரையை நீட்டுபவர் அவனுடைய உடலையும் விளையாட்டு வாழ்க்கையையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

## விழுந்துவிட்டால்

ஒருவர் சரிந்து, அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் வரிசை இது: 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க ஒருவரை அனுப்புதல், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துதல், பயிற்சி பெற்றவரானால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, மின்னதிர்ச்சிக் கருவி இருந்தால் உடனே பொருத்துதல். தண்ணீர் தெளிப்பதும், முகத்தைச் சுற்றிக் கூட்டம் கூடுவதும், ஓட்டோ தேடி வெளியே ஓடுவதும் வீணாகப் போகும் நிமிடங்கள். இந்தத் திறனைக் காணொளியில் கற்க முடியாது. பொம்மையின் மேல் கைவைத்துப் பழக வேண்டும்.

வாடிக்கையாளரின் உடலைத் தொடுவதற்கு முன் கேட்பது, பெண்கள் பெண் பயிற்றுவிப்பாளரைக் கேட்டால் முகம் சுளிக்காமல் ஏற்பாடு செய்வது, நோய் விவரங்களையும் படங்களையும் அனுமதியின்றிச் சமூக ஊடகத்தில் போடாதிருப்பது ஆகியவையும் பாடத்திட்டத்தில் உள்ளவைதான். நற்பண்பு என்று விட்டுவிடும் விடயங்கள் அல்ல.

## தேர்வும் அதன் பின்னும்

பன்னாட்டுத் தேர்வுகளுக்கு அடிப்படைத் தகுதி பொதுவாக 18 வயது, பாடசாலைக் கல்வி முடித்திருத்தல், செல்லுபடியாகும் இருதய உயிர்ப்பூட்டல் (சி.பி.ஆர்.) சான்றிதழ். என்.ஏ.எஸ்.எம். தேர்வில் 120 கேள்விகளுக்கு இரண்டு மணி நேரம், ஏ.சி.ஈ. தேர்வில் 150 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். கேள்விகள் பெரும்பாலும் சம்பவ வடிவில் வரும்: 'ஐந்தாவது வாரத்தில் வாடிக்கையாளர் தோள் நோகிறது என்கிறார், அடுத்து என்ன செய்வீர்கள்?' வரையறைகளை ஒப்புவிக்கப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் இரட்டைச் சுமைதான். சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடநூலில் தசை, சுவாசம், குருதிச்சுற்றோட்டம் பற்றிய அலகுகளைத் தமிழில் மீட்டிவிட்டு ஆங்கில நூலுக்குப் போனால் சுமை பாதியாகக் குறையும். நாளை வாடிக்கையாளருக்குத் தமிழில் விளக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த உழைப்பு வீண்போகாது.

வளைகுடாவை நோக்கிப் படிப்பவர்கள் முதலில் அங்குள்ள வேலை விளம்பரங்களைப் பார்த்துவிட்டுப் பாடநெறியைத் தெரிவுசெய்வது புத்திசாலித்தனம். ஐக்கிய அரபு அமீரகத்தில் பயிற்றுவிப்பாளர்களுக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. அது ஏற்காத தாளுக்குப் பணம் கட்டிப் பயனில்லை.

தேர்வில் சித்தியடைந்ததோடு கணக்கு முடிவதில்லை. ஏ.சி.ஈ., என்.ஏ.எஸ்.எம். சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுகளுக்கும், ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளுக்கும் செல்லும். தொடர்கல்விப் புள்ளிகளும் புதுப்பித்த உயிர்ப்பூட்டல் சான்றிதழும் இல்லாவிட்டால் அவை காலாவதியாகிவிடும். பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கும் பயிற்றுவிப்பாளரிடம் வாடிக்கையாளர் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்வி, தாளில் எழுதியிருக்கும் காலாவதித் திகதி என்ன என்பதே.